டோல்கேட்டில் பத்துப் பேர் கிடைத்த கதை

ஓய்வுபெற்ற பிறகு ஊடகவியல் படிக்கச் சேர்ந்தது சரிதானா என்று இன்று காலையிலும் யோசித்தேன். பத்துப் பேரிடம் "செய்தியை எதில் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டு, மாலைக்குள் என் வலைப்பூவில் எழுத வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு.

கேள்வித்தாளில் கோடெல்லாம் கிழித்து, அட்டையில் செருகிக்கொண்டு டோல்கேட் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். ஒரு மணி நேரமாகியும் யாரிடமும் வாய் திறக்கத் துணிவு வரவில்லை.

மீன் கூடையோடு நின்ற அம்மா ஒருவர் என் அட்டையையும் பேனாவையும் பார்த்துவிட்டுத் தாமே வந்தார்.

"இன்னா பெருசு, மனு எழுதிகினு கீறியா? எங்க தெருவுல நாலு நாளா தண்ணி வர்ல. எழுது."

"இல்லம்மா, இது என் படிப்புக்கு..."

"எதுக்கா இருந்தா இன்னா? எழுது."

எழுதினேன். நிமிர்ந்தால் பின்னால் ஒரு வரிசை! தெருவிளக்கு, குப்பை, லாரிப் புழுதி என்று ஆளுக்கொரு குறை. அதை எழுதிய கையோடு என் கேள்வியையும் கேட்டுவிட்டேன். பத்துப் பேர் தேறிவிட்டார்கள்.

அந்த அம்மா போகவில்லை.

"இத்த எதுல போடுவ?"

"என் பிளாக்குலம்மா."

"எத்தினி பேரு பாப்பாங்க?"

பொய் சொல்ல வரவில்லை. "ரெண்டு பேர். நானும் எங்க டீச்சரும்."

வரிசையே சிரித்தது. "அப்போ டீச்சராண்ட சொல்லு, எங்க தெருவுக்குத் தண்ணி வுடச் சொல்லி!"

எல்லாக் குறைகளையும் தெருப் பெயரோடு வலைப்பூவில் பதிவேற்றிவிட்டேன். இணைப்பு கீழே. குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பர் யாராவது என் மூன்றாவது வாசகராக வருவீர்களா?