ஒரே மெஷினுக்கு அஞ்சு பூசணிக்கா

வசந்தகுமாரி அக்காவப் பத்தி நான் சொல்லாம வேற எவன் சொல்லுவான்? அம்பத்தூர் எஸ்டேட்ல எங்க கம்பெனி கம்ப்யூட்டர் ரூமுக்கு நான்தான் ஏசி மெக்கானிக், பேரு துலுக்கானம். அந்த ரூம்ல மொத்தமே ரெண்டு பேரு. அக்கா மெஷினப் பார்த்துக்கும், நான் மெஷினு சூடாவாம பார்த்துப்பேன்.

அக்காவுக்கு மண்ணூர்பேட்டையில ஊடு. ஊட்டுக்காரர் வேலை செஞ்ச பட்டறைய மூடிட்டாங்க. ரெண்டு பொண்ணுங்க இஸ்கூல் போவுதுங்க. சம்பளம்னு ஊட்டுக்கு வர்றது அக்காவோடது ஒண்ணுதான்.

மெஷினு பீரோ கணக்கா நாலு பெட்டி, ஆனா ஒரே மெஷினு. அத உள்ளுக்குள்ளயே அஞ்சாப் பிரிச்சு டிபார்ட்மென்டுக்கு ஒண்ணுன்னு குடுத்துட்டாங்க. பர்சேஸ்காரர் தன் டேபிள்ல கீற டெர்மினலத் தட்டினா, முழு மெஷினும் தனக்கே சொந்தம் மாதிரி காட்டும். அவரும் அப்படியே நம்பிகினு இருந்தாரு. மத்த நாலு பேரும் அதே கதைதான். மெமரி மட்டும் ஒண்ணே ஒண்ணு. அத்தத்தான் அஞ்சு பேரும் பங்கு போட்டுக்கணும்.

தொண்ணூறாம் வருஷம் மேனேஜர் இராமகிருஷ்ணன் சார் கூப்ட்டு சொல்லிட்டாரு. ஸ்டோர்ஸையும் மெஷின்ல சேர்க்கணும், புது மெமரி வாங்கித் தர முடியாது, விஜயதசமிக்கு மறுநாள் ஓடலைன்னா ரூம மூடிட்டு வேலைய வெளிய குடுத்துடுவோம்னு. "மூடிட்டா கம்பெனில உங்களுக்கு வேற வேலை இல்லம்மா"ன்னாரு. அக்கா "சரி சார்"னு வந்து டிபன் டப்பாவத் தொறந்து சாப்டுச்சு. நான்தான் என் டப்பாவ மூடி வச்சிட்டேன்.

சாப்டுகினே சொல்லுச்சு: "பன்னெண்டாயிரம் ஸ்பேர் பார்ட்டுக்கு ஒரு லிஸ்டு கீது பாரு, அத அஞ்சு பேரும் தனித்தனியா மெமரியில வச்சிகினு எடத்த அடைச்சிகினு கீறாங்க. ஒரு காப்பி போதும். எல்லாரும் அதையே படிக்கட்டும். எவனும் கை வைக்காம பூட்டிட்டா முடிஞ்சுது."

பர்சேஸ் பரந்தாமன் சார்கிட்ட போய்க் கேட்டுச்சு. "ஏம்மா, என் மெஷின்ல கீற லிஸ்ட அடுத்தவன் எதுக்குப் படிக்கணும்?"னாரு. மத்தவங்களும் அதையேதான் சொன்னாங்க. ஒரு காம்பவுண்டுல அஞ்சு குடித்தனம் இருந்தா தொடப்பமும் அஞ்சு இருக்கும்ல, அந்த மாதிரி.

ஆயுத பூஜை வந்துச்சு. அஞ்சு டிபார்ட்மென்டும் "எங்க மெஷினுக்கு"ன்னு ஆளுக்கொரு பூசணிக்காயோட வந்து நின்னாங்க. அக்கா யாரையும் திருத்தல. முதல் பெட்டியக் காட்டி "இதான் சார் உங்களுது"ன்னு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லுச்சு. அஞ்சு தடவ சந்தனம், அஞ்சு தடவ குங்குமம், அஞ்சு தடவ சூடம். வாசல்ல காய ஒடச்சு, பொரிய வாரிகினு பத்தரைக்கெல்லாம் கெளம்பிட்டாங்க. பூஜை போட்டா அன்னிக்கு எவனும் மெஷினத் தொட மாட்டான். லேத்துல இருந்து சைக்கிள் வரைக்கும் எங்க பக்கம் அதான் வழக்கம்.

எல்லாரும் போனதும் அக்கா, மொத்த மெஷினையும் ஆட்டி வைக்கிற கன்சோல் முன்னாடி ஒக்காந்து தட்ட ஆரம்பிச்சுது. நான் ஓடிப்போய்த் தடுத்தேன்.

"அக்கா, பூஜை போட்ட மெஷினு. பாவம்க்கா."

"அஞ்சு பேரு மெஷினுக்குத்தான் போட்டாங்க. நான் வேலை செய்ய இதுக்கு உள்ளயே எனக்குன்னு தனியா ஒரு மெஷினு கீது. அதுக்கு எவன் போட்டான்? நீ ஏசிய நிறுத்தாத."

அஞ்சு காப்பியையும் எடுத்துட்டு, ஒண்ணே ஒண்ண வச்சுப் பூட்டிட்டு, அக்கா ஊடு போய்ச் சேரும்போது வெளக்கு வச்சாச்சு. பொண்ணுங்க பொரிக்காக வாசல்லயே ஒக்காந்துகினு இருந்துச்சுங்களாம்.

விஜயதசமிக்கு மறுநாள் ஸ்டோர்ஸும் சேர்ந்து ஆறும் ஓடுச்சு, முன்னவிட வேகமா. "பார்த்தியாம்மா, நான் வாங்கின காயி பத்து கிலோ"ன்னாரு பரந்தாமன் சார். லிஸ்ட்ல எதுனா மாத்தணும்னா சீட்டு எழுதிக் குடுங்க, நானே உங்க மெஷின்ல ஏத்திடறேன்னு அக்கா சொன்னதுல எல்லாருக்கும் ஒரே பெருமை.

மேனேஜர் வந்து "எப்படிம்மா?"ன்னு கேட்டாரு. உண்மையச் சொன்னா அக்காவுக்கு அடுத்த கிரேடு. ஆனா பக்கத்துலயே பரந்தாமன் சார் நிக்கிறாரு. கேட்ட நிமிஷமே அவரவர் காப்பியத் திருப்பிக் கேப்பாங்க, மெஷினு நின்னுடும், ரூம மூடிடுவாங்க.

"பூஜை நல்லபடியா நடந்துது சார்"னுச்சு அக்கா. மேனேஜர் பரந்தாமன் சாருக்குக் கை குடுத்துட்டுப் போனாரு. நான் கையில இருந்த ஸ்பேனரத் தூக்கிப் போட்டேன்.

"நமக்கு வேலை கீதா?"ன்னு அக்கா கேட்டுச்சு.

"கீது."

"அப்புறம் இன்னா? ஃபில்டரக் கழுவு."

அடுத்த வருஷம் ஆறு பூசணிக்கா. லிஸ்ட மறுபடி புதுசா ஏத்தணும், அதுக்குப் பகல்ல மெஷினு காலியா கெடைக்கிறது அன்னிக்கு ஒருநாள்தான். கூட்டம் போனதும் அக்கா கன்சோலுக்கு வந்துச்சு. நான் முந்திகினேன். எலுமிச்சம்பழத்த அறுத்து, குங்குமம் தடவி ரெண்டு பக்கமும் வச்சு, கீபோர்டு ஓரத்துல சந்தனமும் வச்சேன்.

"யாருக்கு இது?"

"உன் மெஷினுக்கு."

அக்கா கீபோர்டு மேல நீட்டின கைய எடுத்துகிச்சு. "பூஜை போட்டுட்டியே. இனிமே இன்னிக்குத் தொட முடியாது."

"முடியாது."

"அப்ப நாளைக்குக் காத்தால எவனும் வர்றதுக்கு முன்னாடி அஞ்சு மணிக்கு வந்து ஏசியப் போடு."

பொரிப் பொட்டலத்தக் கைப்பையில வச்சிகினு, பொண்ணுங்ககூட மத்தியானம் சாப்ட ஊட்டுக்குக் கெளம்பிடுச்சு.