சின்னம்மா பாடப்போன இரண்டு சனிக்கிழமைகள்

என் சின்னம்மா, கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுப் பாடுகிறவர். ஜெர்மனியில் ஆஹென் நகருக்குத் தெற்கே, மலைப்பக்கத்துச் சிற்றூர்களில் கோடைவிழா நடந்தால் மேடையில் அவரைப் பார்க்கலாம். ஜெர்மன்காரர்கள் மாட்டுக்காரத் தொப்பி போட்டுக்கொண்டு அமெரிக்கப் பாட்டுக்கு ஆடுவதும், அதை ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் பாடுவதும் கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அது பழகிப்போய்விட்டது. எப்படிப் பாடகியானார் என்று யாராவது கேட்டால் அம்மா என்னைக் காட்டி, "இவள்தான் கூட்டிக்கொண்டு போனவள்" என்பார். கூட்டிக்கொண்டு போனது உண்மைதான். அங்கே நான் செய்த வேலை அம்மாவுக்கு இன்னமும் தெரியாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான். அப்பாவின் பல்வைத்தியர், அம்மாவின் விண்ணப்பங்கள், வீட்டுக்காரரின் முறைப்பாடுகள் எல்லாம் என் வாய் வழியாகத்தான் போய்வந்தன. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. எல்லோரிலும் டொச், அதாவது ஜெர்மன் மொழி, குறைவு சின்னம்மாவுக்குத்தான் என்பது வீட்டில் முடிந்துபோன விஷயம். நெடுஞ்சாலையோரம் லொறிச் சாரதிகள் சாப்பிடும் கடையொன்றின் சமையலறையில் எட்டு வருடமாக வேலை செய்தார். வாயைத் திறந்து நாலு சொல் சேர்த்துப் பேசமாட்டார்.

அந்தச் சமையலறையில் வானொலி நாள் முழுக்கக் கன்ட்ரி பாட்டுப் போடும். ஊரில் மாதா கோவில் பாடகர் குழுவில் கிற்றார் அடித்து இரண்டாம் குரல் பாடியவர் சின்னம்மா. கோப்பை கழுவியபடியே அந்தப் பாட்டுகளையும் பிடித்துக்கொண்டார். "கோவில் பாட்டு மாதிரித்தான், பிள்ளை. ஒருத்தி அழுவாள், மற்றவை சேர்ந்து தாங்குவினம்" என்பார்.

ஒருநாள் கடைச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத் துண்டொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். உள்ளூர்க் கன்ட்ரி குழுவொன்றுக்குப் பாடகி தேவை. சனிக்கிழமை வந்து பாடிக்காட்டலாம் என்று வாசித்துச் சொன்னேன். அம்மாவிடம் சின்னம்மா, "ஒரு டெர்மின் இருக்கு, குறிச்ச நேரத்துக்குப் போகவேணும், பிள்ளையும் வரட்டும்" என்று மட்டும் சொன்னார். நீலச் சட்டையை இரண்டு தரம் அயர்ன் பண்ணினார்.

தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் குழு பாடிப் பழகிக்கொண்டிருந்தது. தலைவர் கூரை ஓடு போடும் தொழில் செய்பவர், பெரிய மீசைக்காரர். வயலின் வாசிக்கும் பெண்ணொருத்தியும் டிரம்ஸ்காரர் ஒருவரும் இருந்தார்கள். சின்னம்மா தான் கொண்டுவந்த கிற்றாரை மாட்டிக்கொண்டு இரண்டு பாட்டுப் பாடினார். முதல் பாட்டில் குரல் நடுங்கியது, இரண்டாவதில் நின்றுவிட்டது அந்த நடுக்கம். பாடி முடிந்ததும் மீசைக்காரர் என்னிடம் குனிந்தார். குரல் நல்ல குரல்தான். ஆனால் எங்கள் பாட்டுக் கேட்க வருகிறவர்கள் வேறு மாதிரி ஆளை எதிர்பார்ப்பார்கள், பொருந்தாது, இனி வீணாக அலைய வேண்டாம் என்று உன் சின்னம்மாவிடம் சொல் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

சின்னம்மா கிற்றாரைக் கழுத்தில் இருந்து கழற்றாமல் நின்றார். "என்னவாம்?"

அப்பாவுக்குப் பல்லுப் பிடுங்க வேண்டும் என்பதைக்கூட ஒளிக்காமல் சொன்னவள் நான். இது மட்டும் வாயில் வரவில்லை.

"வாற சனிக்கிழமையும் வரட்டாம்" என்றேன்.

"உண்மையாவோ?"

"ஓம்."

என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மீசைக்காரருக்குத் தலையசைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

அந்தக் கிழமை முழுக்கப் பள்ளிக்கூடத்தில் என் கணக்கு எல்லாம் பிழையாய்ப் போனது. வெள்ளிக்கிழமை வயிற்றுக்குத்து என்று சுருண்டு படுத்தேன்.

"எனக்கும்தான் குத்துது" என்றார் சின்னம்மா. "நாளைக்கு ரெண்டு பேரும் குத்தோடயே போவம்."

மறுநாள் எங்களைக் கண்டதும் மீசைக்காரரின் புருவம் மேலே போனது. அவர் சின்னம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். அவர் ஏதோ சொல்லத் தொடங்குமுன் சின்னம்மா உள்ளே போய் வயலின்காரிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"அவ பாடட்டும், நான் கீழ்க்குரல் பிடிக்கிறன் எண்டு சொல்லு."

சொன்னேன். மீசைக்காரர் பெருமூச்சு விட்டார். வயலின்காரிதான், "இவ்வளவு தூரம் வந்திருக்கிறார், ஒரு பாட்டுத்தானே" என்று தொடங்கினாள். அவளுடையது மெல்லிய குரல். இரண்டாவது வரியில் சின்னம்மா அடியில் சேர்ந்ததும் அந்தக் குரலுக்குத் தைரியம் வந்ததுபோல இருந்தது. டிரம்ஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். மீசைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். எல்லாம் முடிந்தது, இனி என்னைத்தான் பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஒலிவாங்கியைத் தூக்கிவந்து சின்னம்மாவுக்கு முன்னால் வைத்தார். முதலில் இருந்து பாடச் சொன்னார்.

மூன்று பாட்டுக்குப் பிறகு மறுபடியும் என்னிடம் குனிந்தார். அடுத்த சனிக்கிழமை நாலு மணி, நேரத்துக்கு வரச் சொல் என்றார். ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாததால் மண்டபம் அதிரக் கத்தி மொழிபெயர்த்தேன்.

"போன முறையும் இதைத்தானே சொன்னவர்?" என்றார் சின்னம்மா.

"ஓம்" என்றேன்.

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

அந்தக் கோடையில் உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியை மேடையாக்கி முதல் கச்சேரி நடந்தது. கேட்க வந்தவர்கள் திரும்பவும் பாடச் சொன்னார்கள். பிறகு ஊர் ஊராக மேடைகள், ஒரு இசைத்தட்டு, சமையலறை வேலைக்கு விடுப்பு, கடைசியில் பிரியாவிடையே. மீசைக்காரர் இன்றும் அவருக்குப் பின்னால் நின்றுதான் கிற்றார் அடிக்கிறார்.

அந்த இரண்டாம் சனிக்கிழமை பேருந்தில் வீடு திரும்பும்போது, முன் இருக்கைக் கிழவர் கிற்றாரைக் காட்டி ஏதோ கேட்டார். நான் வாயெடுக்குமுன் சின்னம்மா பதில் சொன்னார். பாடிவிட்டு வருகிறேன், போன கிழமை வேண்டாம் என்றார்கள், இன்று வரச்சொல்லிவிட்டார்கள் என்று, பிழையில்லாத டொச்சில். நான் பயத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். போன கிழமை வேண்டாம் என்றதை யார் இவருக்குச் சொன்னது என்றுதான் வீடு வரும்வரை யோசித்தேன். எட்டு வருடம் சாரதிகளின் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றவருக்கு அந்த முதல் சனிக்கிழமையே எல்லாம் விளங்கியிருக்கும் என்பதும், என் பொய்யைத் தெரிந்தே பிடித்துக்கொண்டுதான் மறுபடி அந்தப் படியேறினார் என்பதும் ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.