சக்கரப் பெட்டிக்கு ஒரு பெயர்

பள்ளி டைரிக்கு ப்ரூஃப் பார்க்க இன்று திருத்தங்கல் அச்சகத்துக்குப் போயிருந்தேன். டிசைன் செய்யும் ராஜன் டைரியை எடுக்கவே இல்லை.

"நீங்க இங்கிலீஷ் டீச்சர்தானே? அஞ்செழுத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க. நடு எழுத்து ஓ வரணும்."

தரைச்சக்கரப் பட்டாசுப் பெட்டிக்குப் புதுப்பெயர் வேண்டுமாம். போன சீசன் லேபிளில் நடுவில் வரும் 'ஓ'வையே சுற்றுகிற சக்கரமாக வரைந்துவிட்டார்கள். எங்கள் பக்கம் படத்தைத் தொட மாட்டார்கள், பெயரைத்தான் மாற்றுவார்கள்.

தினமும் போனில் ஐந்தெழுத்துப் புதிர் விடுவிக்கிற திமிரில் "ஸ்டார்ம்" என்றேன்.

"மழைப் பேரே வேணாம் டீச்சர். அங்கன ஆலையில சரக்கு வெயில்ல காயுது."

"ஸ்மோக்?"

"புகை கம்மின்னு அதே பெட்டியிலதான போட்டிருக்கோம்!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. யோசித்து, "குளோரி" என்றேன்.

ராஜன் முகம் மலர்ந்து, உடனே வாடியது. "அது எங்க அத்தை பேராச்சே. மாமியார் பேரைப் போட்டு, பத்த வைங்கன்னு விக்கச் சொல்றீகளா? வீட்டுல சோறு கிடைக்காது."

"அவுககிட்டயே கேட்டுப் பாருங்க."

ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். ஓய்வுபெற்ற நர்ஸ் அந்த அம்மா. குரலில் தயக்கமே இல்லை.

"தாராளமா போடுங்க மாப்ளே. ஆனா தரையில கெடந்து சுத்துறதுல வேணாம். ராக்கெட்டுல போடுங்க."

ராக்கெட்டுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. என் டைரி ப்ரூஃப் இன்னும் கைக்கு வரவில்லை.

நடுவில் ஓ வரும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் தெரிந்தவர்கள் கமெண்டில் போடுங்கள். மழை கூடாது, புகை கூடாது. யார் வீட்டு மாமியாரும் கூடவே கூடாது.