நானே ராவிய பல்

மூன்று வருடத்துக்கு முன்பு, மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு கோடையில் நடந்தது இது. பாத்திகளுக்கு நீர் இறைக்கும் டீசல் எஞ்சின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். எந்த எஞ்சின் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்த வருடம் மக்கர் பண்ணியது என் தாடை. இடது கீழ்த்தாடைக்குள் ஒரு கட்டி வளர்ந்து எலும்பை அரித்துவிட்டது. புற்றுநோய் இல்லை, ஆனால் அந்த எலும்புத் துண்டை எடுத்தே ஆக வேண்டும் என்று புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எடுத்த இடத்தில் வைக்க, என் தாடையின் அளவுக்கே டைட்டானியத்தில் ஒரு தகடு செய்வார்களாம். ஸ்கேனை வைத்து, எங்கே அறுப்பது, எந்த இடத்தில் எந்த ஸ்குரூ என்பது வரை கம்ப்யூட்டரில் வரைந்தாள் அங்கே வேலை பார்த்த ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். திரையில் அவள் என் தாடையைத் திருப்பித் திருப்பிக் காட்டியபோது, அட, இதுவும் ஃபிட்டர் வேலைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருந்தது. வலது பக்கக் கடவாய்ப்பல் ஒன்றின் உடைந்த முனை நாக்கைக் கிழித்துக்கொண்டே இருந்தது. கஞ்சி குடித்தாலும் எரிச்சல். ஒரு நாள் கண்ணாடி முன் நின்று, சின்ன அரத்தை எடுத்து அந்த முனையை நானே ராவிவிட்டேன்.

"டாக்டரக் கேக்காம வாயில அரத்த விடுறீங்களே, உங்களுக்கு இன்னா கொழுப்பு?" என்று மனைவி திட்டினாள்.

"தாடையவே அறுக்கப் போறாங்க, ஒரு பல்லு முனைக்கு இன்னாடி?" என்றேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், அறுக்கும்போது பற்கள் இடம் மாறாமல் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் அச்சை என் வாயில் வைத்துப் பார்த்தார்கள். அது உட்காரவில்லை. ஆபரேஷன் செய்யப்போகும் பெரிய டாக்டர் அழுத்திப் பார்த்தார். அப்போதும் ஆடியது.

"இதுவே உக்காரல. நாளைக்கு எத நம்பிம்மா அறுக்கறது? தகடு மட்டும் பொருந்தும்னு என்ன நிச்சயம்?" என்று அந்தப் பெண்ணிடம் எரிந்து விழுந்தார்.

"அளவெல்லாம் மூணு தடவ பாத்தேன் சார்" என்றாள். கண் கலங்க, கம்ப்யூட்டரைத் திறந்து முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.

எனக்குக் காரணம் தெரியும். அந்த அச்சு, பல்லை நான் ராவுவதற்கு முன் எடுத்த ஸ்கேன் அளவில் செய்தது. மயிரிழை அதிகமாக ராவினாலும் பாகம் உட்காராது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவன் நான். ஆனாலும் வாய் திறக்கவில்லை. இத்தனை பேர் முன்னால் முட்டாளாகி நிற்க வேண்டுமே என்ற பயம்தான். மனைவி என் விலாவில் இடித்தாள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

சொன்னேன். பெரிய டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். என்னைக் கிழிக்கப் போகிறார் என்று பார்த்தால், முதலில் அந்தப் பெண்ணிடம் திரும்பி, "சாரிம்மா, அவசரப்பட்டுட்டேன்" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எந்தப் பல்லுங்க?"

பற்களை மறுபடி ஸ்கேன் செய்து, புது அச்சு செய்து, நான்கு நாள் தள்ளி ஆபரேஷன் நடந்தது. தகடு கச்சிதமாகப் பொருந்தியதாம்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க அன்றே நினைத்தேன். கூச்சத்தில், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஆபரேஷன் முடிந்து அவள் என்னைப் பார்க்க வந்தபோது எனக்கு வாயெல்லாம் கட்டு. பேச்சு வந்து செக்கப்புக்குப் போனபோது, அவள் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்றார்கள்.

இப்போது நன்றாகச் சாப்பிடுகிறேன், எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசுகிறேன். அவள் அளவெடுத்துக் கொடுத்த தாடையால் நாளெல்லாம் இத்தனை பேசியும், அவசரப்பட்டுத் திட்டிய டாக்டர் பட்டென்று சொன்ன அந்த 'சாரி' என்ற ஒரு வார்த்தையை, தப்பு செய்த நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.