கிளினிக்கில் நான் சொன்ன பதில்

என் வேலை பிள்ளை மடுவத்தில். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விடுவார்கள், நான் பார்த்துக்கொள்வேன். மாதத்தில் ஒரு நாள் மட்டும் எனக்கு இன்னொரு வேலை உண்டு. அது தானாக என் தலையில் விழுந்தது. தோட்டத்துக்குக் கிளினிக் நடத்த வரும் மிட்வைஃப் மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. எங்கள் பெண்களுக்குச் சிங்களம் பெரகல டவுன் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் வரும். நான் கல்யாணத்துக்கு முன் கொழும்பில் ஒரு சிங்கள வீட்டில் மூன்று வருடம் வேலைக்கு இருந்தவள். ஆகவே கிளினிக் நாளில் மிஸ்ஸுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போடுவார்கள். அதில் உட்கார்ந்தால் எனக்குத் தலைக்கனம் வந்துவிடுகிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பொய்யில்லை.

இளம்பெண் எவளும் அந்த அறைக்குத் தனியாக வருவதில்லை. மாமியாரோ அம்மாவோ கூட வருவார். மிஸ் சிங்களத்தில் கேட்பார், நான் தமிழில் கேட்பேன், பெரியவர் பதில் சொல்வார், நான் அதைச் சிங்களத்தில் திருப்பிச் சொல்வேன். வயிற்றுவலி இல்லையாம். மாதம் தவறாமல் வருகிறதாம். பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது சின்னவள் வாய் திறந்தால் வரிசை வீடுகளாக இருக்கும் லயம் முழுக்க அவளுக்கு வாயாடிப் பட்டம் கட்டிவிடுவார்கள். பதினோரு வருடம் நான் இப்படித்தான் செய்தேன். பதில் யார் வாயிலிருந்து வந்தது என்று மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

எங்கள் லயத்தில் அடுத்த வீட்டு அக்காவின் மகன் போன வருடத்துக்கு முந்தின வருடம் கல்யாணம் முடித்தான். பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்து சில மாதம்தான். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணியவள். இருவரும் பஸ் நிறுத்தத்தில் பேசிக்கொண்டிருந்ததை யாரோ பார்த்துவிட, பேச்சு பெரிதாவதற்குள் கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிட்டார்கள். அப்போது அவள் கையில் ஒரு கடிதம் இருந்தது. பதுளையில் மருந்துக்கடை வேலைக்கான ஒரு வருடப் படிப்புக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தினமும் பஸ்ஸில் போய் வருவதாகச் சொன்னாள். புருஷனும் சரி என்றான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அக்கா ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது சம்மதம் இல்லை என்பது இருபது வருடமாக ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் வாழ்கிற எனக்குத் தெரியும்.

புதிதாகக் கல்யாணம் முடித்தவர்களை மிஸ் கூப்பிட்டுப் பதிவார். அந்த மாதம் அவளும் வந்தாள், அக்காவும் வந்தார். படிப்பைப் பற்றி மிஸ்ஸுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. கடிதத்தை நான்தான் மிஸ்ஸுக்குச் சிங்களத்தில் வாசித்துக் காட்டியிருந்தேன். மிஸ் சந்தோஷப்பட்டார். அப்படியென்றால் ஒரு வருடத்துக்குப் பிள்ளையைத் தள்ளிப்போடலாம், மாத்திரை இருக்கிறது, ஊசி இருக்கிறது, கையில் தோலுக்கடியில் வைப்பதும் இருக்கிறது, இவளுக்கு விருப்பமா என்று கேளுங்கள் என்றார். நான் கேட்டேன்.

"அதெல்லாம் வேணாங்க," என்றார் அக்கா. "மொதப் புள்ளைக்கு முன்னாடி மருந்து போட்டா கர்ப்பப்பை கெட்டுப்போகும். எங்க வீட்டுக்கு அந்தப் பழக்கம் இல்ல."

அதே நேரம் அந்தப் பெண் தரையிலிருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தாள். "எனக்கு வேணும் சித்தி," என்றாள். புருஷன் என்னைச் சித்தி என்பான், அவளும் அப்படியே கூப்பிடுவாள். மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குத் தெளிவாகக் கேட்டது. அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வெளியே வாங்குப் பலகையில் இன்னும் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

நான் மிஸ் பக்கம் திரும்பி, "இப்போது வேண்டாமாம்," என்றேன்.

கர்ப்பப்பை கெடும் என்பது பொய் என்று எனக்குத் தெரியும். மிஸ் அதை எத்தனையோ முறை விளக்க, நானே தமிழில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று மாலை நான் திரும்பிப் போக வேண்டியது அக்காவின் சுவருக்கு இந்தப் பக்கம்தான். மிஸ்ஸுக்கு வேறு ஊர் இருக்கிறது. இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் நான் எதையும் யோசிக்கவே இல்லை. கேட்டதைச் சொல்வது போல அது வாயில் வந்துவிட்டது. மிஸ் எழுதிக்கொண்டு அடுத்தவளைக் கூப்பிட்டார்.

அந்தக் கிளினிக்குக்குப் பிறகு மூன்றாவது மாதம் அவளுக்கு வாந்தி பிடித்தது. பதுளை பஸ் மலை வளைவுகளில் திரும்பும்போது வயிறு புரட்டுகிறது என்று நடுவழியில் இறங்கி நின்றாளாம். இரண்டு வாரம் பார்த்துவிட்டுப் படிப்பை விட்டாள். அக்கா எனக்கு ஒரு தட்டில் கேசரி கொண்டுவந்து கொடுத்தார். சாப்பிட்டேன். இனிப்பாக இருந்ததா இல்லையா என்று நினைவில்லை. அந்த மாதங்களில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. குழந்தைகளைத் தூங்கவைத்தேன், கிளினிக் நாளில் நாற்காலியில் உட்கார்ந்தேன், கேட்டேன், சொன்னேன். அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை.

இந்த வருடம் அவளும் கொழுந்துக்குப் பேர் பதிந்தாள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும் ஒரு காலை மடுவத்துக்குக் கொண்டுவந்தாள். துணிப்பை, பால் போத்தல், மாற்றுத் துணி எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டு நின்றாள்.

"அன்னைக்கு நான் சொன்னது ஒங்களுக்குக் கேட்டுச்சா சித்தி?"

குரலில் கோபம் இல்லை. குழந்தை எத்தனை மணிக்குப் பால் குடிக்கும் என்று சொல்வதைப் போலத்தான் கேட்டாள்.

"கேட்டுச்சி," என்றேன்.

அவள் தலையாட்டினாள். காரணம் கேட்கவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கொழுந்துக் கூடையின் பட்டையைத் தலையில் சரிசெய்யத் தொடங்கிவிட்டாள்.

"வர்ற கிழம கிளினிக் இருக்கு. காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு மாமி போனதும் நான் தனியாப் போறேன். எங்ககூட கொழுந்து எடுக்கிற சிங்களப் புள்ளகிட்ட கேட்டுப் படிச்சிக்கிட்டேன். மட்ட ஓனே. எனக்கு வேணும்னா அதானே சித்தி?"

"அதான்," என்றேன்.

"சரியாச் சொல்றேனா?"

"சரியாத்தான் சொல்ற."

"அப்ப நீங்க வர வேணாம்," என்று சொல்லிவிட்டு மலைக்குப் போனாள்.