பட்டாணியும் மாமன் மகளும்

அறுபதுகளின் நடுவில் திருப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் விஞ்ஞான வாத்தியார். பையன்களைவிட ஒரு பாடம் முன்னால் இருந்தால் அவன் வாத்தியார் என்பது என் கட்சி; சில வாரங்களில் அந்த ஒரு பாடமும் இருக்காது. இப்படிப்பட்ட என்னை, பனியன் கம்பெனித் தொழிலாளிகள் நடத்திய படிப்பகத்தில் பேசக் கூப்பிட்டார்கள். பரம்பரைக் குணங்கள் என்று தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள். மைக்செட் உண்டு என்றார்கள். மைக் என்றதும் யோசிக்காமல் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிறைய ஜனம். முன்வரிசையில் என் தாய்மாமன். சாயப்பட்டறை வைத்திருந்தவர், குளித்துவிட்டு வந்தாலும் விரல்கள் ஊதாவாகத்தான் இருக்கும். பெண்கள் பக்கத்தில் அவருடைய இளைய மகள். தை மாதம் எனக்கும் அவளுக்கும் கல்யாணம் என்று பேச்சு முடிந்திருந்தது. உரிமைப் பெண் என்பதற்காக மட்டும் இல்லை, எனக்கு அவளை நிஜமாகவே பிடிக்கும். அவள் அக்காவைத்தான் என் அண்ணனுக்குக் கட்டியிருந்தது. அவர்கள் பையனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கிரகணத்தன்று அண்ணி வெளியே வந்ததுதான் காரணம் என்பது எங்கள் வீட்டுத் தீர்ப்பு.

கரும்பலகையில் நெட்டைப் பட்டாணி, குட்டைப் பட்டாணி எல்லாம் போட்டேன். குட்டைக் குணம் ஒரு தலைமுறை ஒளிந்திருந்து அடுத்ததில் எட்டிப் பார்க்கும் என்றேன். மனிதர்களிலும் சில குறைகள் அப்படித்தான். தாய், தகப்பன் இருவரிடமும் ஒளிந்திருந்தால் நாலில் ஒரு பிள்ளைக்கு வரலாம், சொந்தத்தில் கட்டினால் இருவரிடமும் அதே குறை இருக்க வாய்ப்பு அதிகம் என்றேன். புத்தகத்தில் இருந்தது அது. யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அவள் பார்க்கிறாள் என்ற குஷியில் குரல்தான் ஏறிக்கொண்டே போனது.

ஒரு கட்டிங் மாஸ்டர் எழுந்தார். “நாலுல ஒண்ணுன்னா, மூணோட நிறுத்திக்கிட்டாப் போச்சுங்களா சார்?”

“அப்படி இல்லீங்க. முதல் கொழந்தைக்கே வரலாம்.”

“அப்ப மத்த மூணும் தப்பிச்சுக்கும்?”

“அதுவும் இல்லீங்க. ஒவ்வொரு தடவையும் நாலுல ஒண்ணு.”

“ஒரு தடவைக்கு ஒரு கொழந்தைதானுங்க பொறக்குது. அதுல எங்கிருந்துங்க நாலு?”

சபை கைதட்டியது. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் தட்டினேன்.

அடுத்து மாமன் எழுந்தார். “மாப்ளே, எங்க கூட்டம் வேற, உங்க கூட்டம் வேற. சொந்தம்னு நீ எதைச் சொல்றே?”

எங்கள் பக்கம் கூட்டம் என்றால் அப்பன் வழிக் குலம். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் முகம் தெரியாதவர்களானாலும் அண்ணன் தங்கச்சி, கட்டவே கூடாது. மாமன் மகள் வேறு கூட்டம். ஆகவே ரத்தமும் வேறு. நான் பேசியது என் கல்யாணத்தைப் பற்றியும்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“எங்கம்மா உங்க கூடப்பொறந்தவங்கதானுங்களே மாமா. அவங்க வழியா...”

“உங்கம்மா கழுத்துல தாலி ஏறுன அன்னைக்கே உங்க கூட்டத்துக்கு வந்தாச்சு.”

“ரத்தமுமாங்க?”

“பின்னே, ரத்தத்தை எங்க ஊட்டுல எறக்கி வெச்சுட்டா வந்துச்சு?”

எனக்கே ஒரு நிமிஷம் அவர் சொல்வதுதான் சரி என்று பட்டது. பட்டாணிக்குக் கூட்டம் உண்டா என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. மாமன் திருப்தியாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். கல்யாணத்துக்குப் பழுதில்லை, யாருக்கும் ஒன்றும் புரியவில்லை என்று நானும் நிம்மதியாக வீடு திரும்பினேன்.

ஒருத்திக்குப் புரிந்திருந்தது. அந்த வாரம் பட்டறைக்குப் போனபோது, நூல் காயும் கொடிகளுக்கு நடுவில் அவள் என்னை நிறுத்தினாள்.

“மச்சான், அக்கா பையனுக்கு வந்தது நீங்க சொன்ன ஒளிஞ்ச குறைங்களா?”

“இருக்கலாம்.”

“அப்படின்னா உங்க அண்ணன்கிட்டயும் எங்க அக்காகிட்டயும் இருந்திருக்கு. உங்ககிட்டயும் எங்கிட்டயும் இருக்கலாமுங்களே?”

பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இப்படிக் கேட்டிருந்தால் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பேன். “அது பட்டாணிக்குச் சொன்னது கண்ணு” என்றேன்.

“மைக்குல ஆளுகளுக்கும்னுதான் சொன்னீங்க.”

“இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் நாலுல மூணு நல்லா இருக்கும்.”

“இருக்கா இல்லையான்னு முன்னாடியே பாத்துச் சொல்ல முடியுங்களா?”

“முடியாது.”

“எனக்குப் பயமா இருக்குதுங்க மச்சான். வேண்டாங்க. அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்.” கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், சாய நெடி என்று சொல்லிக்கொண்டேன்.

மாமன் சத்தம் போட்டார், கெஞ்சினார். அவள் அசையவில்லை. “பொருத்தமெல்லாம் பாத்தாச்சு, ஏன் மாப்ளே வேண்டாங்கறா?” என்று என்னிடமே வந்து கேட்டார். “தெரியலீங்க மாமா” என்றேன். மறுபடி பட்டாணியிலிருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை.

பேச்சு முறிந்த வாரத்தில் ஒருநாள் மத்தியானம் அண்ணி எனக்குச் சோறு போட்டாள். “தங்கச்சி எல்லாம் வெவரமாச் சொன்னா தம்பி. கெரகணம் இல்லையாமா? என்னோட தப்பு இல்லையாமா?”

“இல்லீங்க அண்ணி. ரெண்டு பேர் வழியாவும் வந்திருக்கும். யார் தப்பும் இல்லை.”

“அத்தைகிட்டயும் சொல்லுங்க” என்று திண்ணையிலிருந்த என் அம்மா பக்கம் காட்டி, போதும் என்ற பிறகும் நெய்யை ஊற்றினாள். கல்யாணம் நின்றுபோனவன் நெய்ச்சோற்றை எந்த முகத்தோடு சாப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பிட்டேன்.