பதிவேட்டில் இல்லாத வால்வு

பத்தமடையைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் வயல். அம்பாசமுத்திரம் போகிற பஸ்கள் பின்னால் வந்து ஹாரன் அடித்து விலகிப் போயின. கை காட்டினால் நிற்கும், டிக்கெட்டுக்குக் காசும் இருந்தது. ஆனால் அந்த பஸ்ஸில் நான் விட்டுவந்த ஊர்ப் பெண்கள் யாராவது இருப்பார்கள். சேரன்மகாதேவி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், வீரவநல்லூரில் மகளைக் கட்டிக் கொடுத்தவர்கள். அவர்கள் பார்க்க ஒரு மணி நேரம் உட்கார்ந்து வர எனக்குத் தெம்பில்லை.

நடப்பது புதிதில்லை. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நடந்துகொண்டேதான் இருக்கிறேன். திருப்பூரில் சாயப்பட்டறை, கொல்லத்தில் முந்திரி உடைக்கிற ஆபீஸ், புனே பக்கம் ரோடு வேலை. எந்த ஊரிலும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. இப்போது விட்டுவந்த ஊரில் மட்டும் மூன்று வருஷம் இருந்துவிட்டேன். தண்ணீர் திறந்துவிடுகிற வேலை.

திருநெல்வேலியை ஒட்டிய ஊராட்சி அது. டவுன் வளர்ந்து வளர்ந்து எங்கள் கடைசித் தெருவரை வந்துவிட்டது என்றாலும், கணக்குக்கு நாங்கள் கிராமம். மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றி, விடியற்காலை ஐந்து மணியிலிருந்து தெருத் தெருவாக வால்வு திறந்து மூட வேண்டும். பழைய ஆபரேட்டர் காலில் புண் வந்து படுத்துவிட்டார். குழாய்க்குக் குழி தோண்ட வந்த என்னை ஊராட்சித் தலைவர் பார்த்தார். ஆள் பெரிய மீசை, சத்தமான வாய்.

"லே, வாயப் பொத்திக்கிட்டு வேல பாப்பியா?"

"பாப்பேன் அண்ணாச்சி."

"அப்ப நாளைல இருந்து தண்ணி தொற."

அவ்வளவுதான் என் நியமனம். காகிதம் எதுவும் கிடையாது.

பதிவேட்டில் பதினான்கு வால்வு. பதினைந்தாவதைத் தலைவரே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். ரேஷன் கடைக்குப் பின்னால், ஒரு பலகைக் கல்லைப் புரட்டினால் கீழே இருந்தது. கால்வாய்க்கரைப் புறம்போக்கில் ஒன்பது வீடுகளுக்குப் போகிற லைன். அந்த வீடுகளுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் வீட்டுத் தீர்வை கிடையாது. தீர்வை ரசீது இல்லாதவர்களுக்குக் குழாய் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. முன்பு எப்போதோ தொட்டி கட்டி மிஞ்சிய குழாயை வைத்து, தீர்மானம் எதுவும் எழுதாமல், ஒரே நாளில் மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டார்கள்.

"பதினாலு பஞ்சாயத்துக்கு. இது நமக்கு" என்றார் தலைவர். "எவனும் கேட்டா தெரியாதுன்னு சொல்லு. எவனும் கேக்க மாட்டான்."

எவனும் கேட்கவில்லை. ஊர் முழுக்கத் தெரியும். மெயின் ரோட்டுக்காரர்கள் குழாய் மெலிந்து வந்தால், "என்னவே, கால்வாய்க்கரைக்கு ஆறு மாதிரி விட்டுட்டு எங்களுக்கு நூல் மாதிரி விடுதீரு" என்று ஏசுவார்கள். மனு எழுதிப் போட்டவர் யாரும் இல்லை. ஏசுவதோடு நின்றுவிடும்.

அந்த வரிசையில் முதல் வீடு இட்லிக்கார அக்காவுடையது. புருஷன் கேரளாவுக்குப் போனவன், வரவும் இல்லை, செத்ததாகச் சேதியும் இல்லை. அரிசி களைய, உளுந்து களைய, ஆட்ட, அவிக்க, தட்டு கழுவ என்று அக்காவுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு குடம் வேண்டும். கால்வாய் வாசலிலேயே ஓடுகிறது. அந்தத் தண்ணீரில் மாடு குளிப்பாட்டலாம், இட்லி அவிக்க முடியாது. குழாய் இருபது நிமிஷம் வரும். அந்த இருபது நிமிஷம்தான் அவள் தொழில். வால்வைத் திறந்துவிட்டு நான் அங்கனதான் சாப்பிடுவேன்.

"ஏலே தண்ணிக்காரா, இன்னைக்கு ரெண்டு நிமிஷம் கொறச்சிட்டியே. ஒரு குடம் நெறையல."

"கரண்டு போயிட்டுக்கா."

"கரண்டு போனா இட்லியும் ரெண்டு கொறையும், தெரிஞ்சிக்கோ."

குறைக்க மாட்டாள்.

ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் பந்தல் போட்டு ஒரு நாள் உட்கார்ந்தார்கள், கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார்கள். பிறகு அரசாணை வந்தது. ஒரு காலையில் ஊராட்சி மன்றப் பெயர்ப்பலகையில் வெள்ளையடித்துவிட்டார்கள். எழுத்து உள்ளேயிருந்து மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தது, ஒரு மழைக்காலம் வரை.

அதன் பிறகு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போனது. பிறப்பு இறப்பு ஏடுகளைச் சாக்கில் கட்டி ஆட்டோவில் ஏற்றினார்கள். தெருவிளக்கு ஒரு கம்பெனிக்கு. குப்பை ஒரு காண்டிராக்டருக்கு. தீர்வை கட்ட மண்டல அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். கிளார்க்கை வேறு ஊராட்சிக்கு மாற்றினார்கள். நூறு நாள் வேலை நின்றுபோனது. கிராமத்துக்குத்தான் அந்த வேலை, நாங்கள் இப்போது கிராமம் இல்லை. "நாமெல்லாம் டவுன்காரி ஆயிட்டோமாம்லா, இனிமே மம்பட்டியத் தொடக்கூடாதாம்" என்று பெண்கள் ரேஷன் வரிசையில் சிரித்தார்கள். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. தலைவர் வீட்டு வாசலில் செருப்புகள் குறைந்தன. மீசையை எடுத்துவிட்டார், ஏன் என்று நான் கேட்கவில்லை.

தண்ணீர் கடைசியாகப் போனது. பாளையங்கோட்டையிலிருந்து ஒரு இளம் என்ஜினீயர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவர் என்று அவர் டிரைவர் சொன்னார். மெதுவாகப் பேசுவார், என்னை "நீங்க" என்பார். அதுவரை என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. மறுநாள் என்னோடு நடந்து எல்லா வால்வையும் பார்த்துக் கம்ப்யூட்டரில் வரைபடமாக ஏற்றப் போவதாகச் சொன்னார். வால்வைத் திருகுகிற இரும்புச் சாவியையும் நான் ஒப்படைக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் திறப்பார்கள்.

படத்தில் இல்லாததை யாரும் திறக்கமாட்டார்கள். படத்தில் ஏற்றினால் அது திருட்டு லைன்.

தலைவரிடம் போனேன். "பஞ்சாயத்தே போயிட்டு. எங்கிட்ட என்னலே கேக்க?" என்று உள்ளே போய்விட்டார்.

அக்காவிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சொல்லிராதல. சாவி மாதிரி ஒண்ணு செஞ்சி எங்கிட்ட தந்துட்டுப் போ. பக்கத்துத் தெருவுக்குப் புது ஆளு தொறக்கும்போது நான் இதத் தொறந்துக்கிடுதேன். பைய ரெண்டு சுத்து, அம்புட்டுதான? மாவாட்டுத கை. எனக்குத் தெரியாதா?"

நல்ல யோசனை. அன்றைக்கே பேட்டையில் ஒரு வெல்டிங் கடையில் கம்பியை வளைத்து ஒரு சாவி செய்தேன். அக்கா கல்லைப் புரட்டி, என் கண்ணெதிரே திறந்து மூடிக் காட்டினாள். என்னைவிட அவளுக்கு லாகவமாக வந்தது. "போலே, இனி நீ எதுக்கு?" என்று சிரித்தாள். எல்லாம் முடிந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

என்ஜினீயரோடு காலையில் நடந்தேன். ஒவ்வொரு வால்விலும் மஞ்சள் பெயிண்டால் எண் போட்டார்கள். எது இறுக்கம், எதில் பாதிதான் திறக்க வேண்டும், எந்தத் தெருவை முதலில் மூடினால் மேட்டுத் தெருவுக்கு ஏறும் என்று நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். "இதெல்லாம் எந்தப் பதிவேட்டுலயும் இல்ல. உங்களை மாதிரி ஆளு இல்லாம நாங்க என்ன செய்ய?" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். காண்டிராக்டில் ஆள் எடுக்கும்போது என் பெயரைச் சொல்வதாகவும் சொன்னார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பதினான்காவது முடிந்தது. பெயிண்ட் டப்பாவை மூடினார்கள்.

"வேற ஒண்ணும் விட்டுப்போகலையே?"

"ஒண்ணு இருக்கு சார்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். வேலை கிடைக்கும் என்றா? இவர் கையால் படத்தில் ஏறிவிட்டால் திருட்டு லைனும் சரியாகிவிடும், அந்த ஒன்பது வீட்டுக்கும் எப்போதும் தண்ணீர் உண்டு, ஒரு பெண்பிள்ளை திருட்டுத்தனமாகக் கல்லைப் புரட்ட வேண்டாம் என்றா? இரண்டும் இருந்தன. ஆனால் இரண்டுக்கும் முன்னால், அந்த மனிதர் என்னிடம் கேட்டார், எனக்குப் பதில் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒருநாளும் அப்படி நடந்ததில்லை.

அவர் கல்லைப் புரட்டிப் பார்த்தார். "இதை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது நீங்க" என்றார், கோபமில்லாமல். "தெரிஞ்ச பிறகு நான் எழுதாம இருக்க முடியாது." கூட வந்தவர்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதினார்.

நான்காம் நாள் ஆட்கள் வந்து குழாயை அறுத்து மூடி போட்டார்கள். பட்டாவுக்கு மனு கொடுக்கும்படியும், அதுவரை இரண்டு நாளுக்கு ஒரு தடவை லாரித் தண்ணீர் வரும் என்றும் ஒரு நோட்டீஸை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினார்கள். லாரி வந்தது. வீட்டுக்கு ஆறு குடம். வருகிற நேரம் தெரியாததால் ஒரு ஆள் குடத்தோடு காத்துக்கிடக்க வேண்டும். இட்லி போடுகிறவள் எப்படிக் காத்துக்கிடப்பாள்? முதலில் அக்கா ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாள். சாப்பிடுகிறவர்கள் அப்படி வரமாட்டார்களே. மெயின் ரோட்டுக் கடைக்குப் போய்விட்டார்கள்.

மூன்று வாரம் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன். பிறகு ஒரு நாள் காலையில் போனேன். அடுப்பு பற்றவில்லை. அக்கா வேலைக்குப் போகிற புடவையில், கையில் தூக்குச்சட்டியோடு வெளியே வந்தாள். கங்கைகொண்டான் பக்கம் ஒரு கம்பெனியில் பாத்திரம் கழுவுகிற வேலையாம், ஆள் ஏற்ற வேன் வருமாம்.

"சாப்பிட வந்தியால?"

"இல்லக்கா. பாக்க வந்தேன்."

"பாத்துக்கோ." வீட்டுக் கதவைப் பூட்டினாள். "தெரியலன்னு சொல்லுத ஒத்த வார்த்த. அதுக்கு என்ன படிப்பு வேணும் ஒனக்கு?"

"எழுதிட்டா நிரந்தரமா கெடைக்கும்னு நெனச்சேன்க்கா."

"எங்களுக்கா, ஒனக்கா?"

பக்கத்து வீட்டு ஆள், முன்பு என்னோடு பீடி பகிர்ந்துகொண்டவர், திண்ணையில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார். "விடு தாயி, அவரு பெரிய ஆபீசருல்லா. சார்வாள், டீ சாப்பிடுதீயளா?" என்றார். குழந்தைகள் சிரித்தன. அக்கா சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் அங்கேயே இருந்திருப்பேன் என்று தோன்றுகிறது. வேன் ஹாரன் கேட்டதும் என்னைத் தாண்டிப் போனாள்.

காண்டிராக்டில் என் பெயர் வந்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். என்ஜினீயர் சொன்னபடியே செய்திருந்தார், அடுத்த திங்கள்கிழமை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். அறைக்குப் போய் இரண்டு சட்டையையும் கைலியையும் பையில் திணித்துக்கொண்டு மேற்கே நடந்தேன்.

வீரவநல்லூரில் ஒரு கடையில் இரண்டு புரோட்டா தின்றேன். கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷன் பெஞ்சில் படுத்தேன். விடிந்ததும் ஆற்றுப்பாலத்தைத் தாண்டி அம்பாசமுத்திரத்துக்குள் போனேன். வாழைத்தார் மண்டி ஒன்றில் லாரி நின்றது. சுமக்கிறவர்களில் ஒருவன் வரவில்லை என்று மண்டிக்காரர் கத்திக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"இதுக்கு முன்னால என்னவே செஞ்சீரு?"

"பஞ்சாயத்துல இருந்தேன் அண்ணாச்சி."

"எந்தப் பஞ்சாயத்து?"

"இப்ப இல்ல, எடுத்துட்டாவ."

"அங்கன என்ன வேல தெரியும்?"

"சுமக்கத் தெரியும்" என்றேன்.

தோளில் போட ஒரு சாக்கைத் தூக்கி எறிந்தார். தார் ஒவ்வொன்றும் நல்ல கனம், வெட்டின காம்பிலிருந்து கறை வழிந்து சட்டையில் இறங்கியது. பத்து மணிக்குள் லாரி நிறைந்துவிட்டது. மத்தியானம் இன்னொன்று வரும், இருக்கச் சொன்னார்கள். இருந்தேன்.